63 வயதில் நட்ட தோட்டம்

கள்ளியை யாராவது ஆசைப்பட்டு வளர்ப்பார்களா என்று நீங்கள் கேட்கக்கூடும். நம் ஊரில் வேலியோரத்தில் யாரும் ஏறெடுத்துப் பாராமல் நிற்கும் செடி அது. ஆனால் அமெரிக்காவில், சான்பிரான்சிஸ்கோ நகருக்குக் கிழக்கே உள்ள வால்நட் கிரீக் என்னும் ஊரில், ஓர் அம்மையார் கள்ளி, கற்றாழை போன்ற சதைப்பற்றுள்ள செடிகளுக்கென்றே 3 ஏக்கரில் ஒரு தோட்டம் அமைத்தார். தொடங்கியபோது அவருக்கு வயது 63.

ரூத் பான்கிராஃப்ட் என்பது அவர் பெயர். 1908ஆம் ஆண்டு பிறந்தவர். கட்டடக்கலை படிக்கத் தொடங்கினார். 1929இல் வந்த பொருளாதார மந்தம் அந்த எண்ணத்தைக் குலைத்துவிட, ஆசிரியையானார். 1939இல் திருமணமாகிக் கணவரின் பண்ணைக்கு வந்தார். 1950களில், ஒருவருடைய செடிச் சேகரிப்பு விற்பனைக்கு வந்தபோது சதைப்பற்றுச் செடி ஒன்றை வாங்கினார். ஒன்று பலவாகி, தொட்டிகள் வைக்க இடமில்லாமற் போயிற்று. 1971இல் பண்ணையின் கடைசி அக்ரூட் தோப்பு வெட்டப்பட்டதும், அந்த நிலத்தைக் கணவர் அவருக்குக் கொடுத்தார்.

அந்த ஊரின் மழை நம் மழையைப் போன்றதன்று. ஆண்டுக்கு ஏறத்தாழ 500 மில்லிமீட்டர். அதுவும் பெரும்பாலும் குளிர்காலத்தில். கோடை முழுவதும் வானம் வறண்டே கிடக்கும். அத்தகைய இடத்தில் புல்வெளி போட்டுத் தினமும் நீர் இறைப்பதைவிட, நீரைச் சேமிக்கத் தெரிந்த செடிகளை நடுவதே பொருத்தம்.

எப்படிச் சேமிக்கின்றன? சாதாரணச் செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமிலவாயுவை ஏற்கின்றன. அதே வழியாக நீராவியும் வெளியேறிவிடுகிறது. கள்ளியும் கற்றாழையும் வெயில் தணிந்தபின், இரவில் துளைகளைத் திறக்கின்றன. உள்ளே வந்த வாயுவை மாலிக் அமிலமாக மாற்றி வைத்துக்கொண்டு, மறுநாள் பகலில் கதவை மூடியபடியே சமையலை முடிக்கின்றன. இதற்கு முதற்குறிப்புத் தந்தவர்களுள் ஒருவர் நம் நாட்டில் பணியாற்றியவர் என்பதை இங்கே சொல்லாமலிருக்க முடியவில்லை. பெஞ்சமின் ஹேய்ன் என்ற அந்தத் தாவரவியலார், ரணகள்ளி இலை காலையில் புளிப்பாகவும், நண்பகலில் சுவையற்றும், மாலையில் சற்றுக் கசப்பாகவும் இருப்பதைக் கண்டார். அவருடைய குறிப்பு 1815இல் லண்டனில் அச்சாயிற்று. இரவில் அமிலம் சேர்வதும் பகலில் அது செலவாவதும்தான் அவர் நாக்குக்குத் தெரிந்திருக்கிறது! (நீங்கள் கடித்துப் பார்க்க வேண்டாம், அந்தச் செடியில் நச்சுப் பொருள்கள் உண்டு. அதிகாலையிலும் மாலையிலும் ஓர் இலையைக் கசக்கி, பள்ளியிலுள்ள பி.எச். தாளில் சாற்றைத் தொட்டுப் பாருங்கள்.)

1972இல் ரூத் அம்மையார் நடத் தொடங்கினார். பெரிய செடிகளை விலைக்கு வாங்கி அழகு காட்டவில்லை. சிறு தொட்டிகளிலிருந்து கன்றுகளாகவே எடுத்து நட்டார். இவற்றுட் சில நிமிர்ந்து நிற்கவே பல ஆண்டுகள் ஆகும். ஆனைக்கற்றாழையோ பல ஆண்டுகள் காத்திருந்து ஒரே ஒருமுறை பூத்து மடிவது.

அந்த ஆண்டு டிசம்பரிலேயே சோதனை வந்தது. கடுமையான உறைபனி! மேகமற்ற இரவில் தரையும் இலைகளும் தம் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிர்களாக வானுக்கு இழக்கின்றன. அதனால் இலையின் வெப்பநிலை சுற்றியுள்ள காற்றினுடையதைவிடவும் தாழ்ந்துவிடக்கூடும். செடிக்குள் முதலில் உறைவது பெரும்பாலும் செல்களுக்கு வெளியே உள்ள நீர். அந்தப் பனிக்கட்டி செல்லுக்குள் இருக்கும் நீரையும் உறிஞ்சி இழுக்கிறது. வறட்சியை வெல்லப் பிறந்த செடி, உடல் நிறைய நீரை வைத்துக்கொண்டே வறண்டு சாகிறது. புதிதாக நட்டவற்றில் பெரும்பகுதி அழிந்தது.

64 வயதில் இதைப் பார்த்தவர் என்ன செய்வார்? இனி எத்தனை ஆண்டு என்று எண்ணியிருந்தால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். அம்மையார் மீண்டும் நட்டார். குளிர் தாங்காதவற்றின்மேல், சட்டங்களில் பிளாஸ்டிக் தாள் போர்த்திய கூடுகளைக் குளிர்காலந்தோறும் நிறுத்தும் வழக்கம் அங்கே வந்தது. குளிர்மழை வேரை அழுகச் செய்யாமல் அது காத்தது. வெப்ப இழப்பையும் ஓரளவு குறைத்தது. ஆயினும் 1990 டிசம்பரில் மறுபடியும் பெரும் உறைபனி தாக்கிப் பல செடிகள் மடிந்தன. அப்போது அவருக்கு வயது 82. மறுபடியும் நடவு நடந்தது.

இதற்கிடையே, 1988இல் ஃபிராங்க் கேபட் என்ற தோட்டக்கலை அன்பர் அங்கு வந்திருந்தார். உங்களுக்குப் பின் இது என்னவாகும் என்ற கேள்வி எழுந்தது. அதற்கு விடை ஏதும் இருக்கவில்லை. தனியார் உருவாக்கிய சிறந்த தோட்டங்களைக் காப்பதற்கென 1989இல் அவர் ஓர் அமைப்பையே நிறுவினார். அது கையிலெடுத்த முதல் தோட்டம் இதுதான். 1990களின் முற்பகுதியில் பொதுமக்களுக்குக் கதவு திறந்தது.

தொண்ணூறு வயதைக் கடந்த பின்னும் அம்மையார் தோட்ட வேலையை விடவில்லை. 2017 நவம்பரில், தம் 109ஆம் வயதில் மறைந்தார். 63 வயதில் தொட்டியிலிருந்து எடுத்துக் கன்று நட்டவர், அந்தத் தோட்டத்தை 45 ஆண்டுகள் கண்ணால் கண்டுவிட்டார்.