கோடாலிக்கருப்பூர்ச் சேலை

தஞ்சை மராட்டிய அரண்மனைக்கென்று சரிகையிட்டு நெய்து, மெழுகாலும் சாயத்தாலும் கையால் சித்திரம் எழுதப்பட்ட பருத்திச் சேலை. அரியலூர் மாவட்டம் உடையார்பாளையம் வட்டத்தில், கொள்ளிடக் கரையை ஒட்டிய கோடாலிக்கருப்பூர் இதன் பிறப்பிடம். சீனத்தில் பட்டின் மேல் சித்திரம் எழுதினார்கள். சோழமண்டலக் கரையினர் பருத்தியையே நம்பினார்கள். ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய, சாயச் சித்திரமிட்ட சீட்டித்துணிகளும் பருத்திதான். அவை உள்ளூர் நெசவைக் கெடுக்கின்றன என்று பிரான்ஸ் 1686இலும் இங்கிலாந்து 1721இலும் தடை போட்டன.

கருப்பூர் வேலை அந்தச் சீட்டியைவிட ஒரு படி கடினமானது. மெல்லிய வெள்ளைத் துணியில், பூ விழவேண்டிய இடத்தில் மட்டும் சரிகையைத் தனி ஊடையாகச் செருகி நெய்வார்கள். வங்காளத்து ஜம்தானிக்கும் இதே வழிதான். தறியிலிருந்து இறங்கிய துணியைக் கடுக்காய்ச் சாற்றில் ஊறவைத்து, வெள்ளையாக நிற்கவேண்டிய கோடுகளை உருக்கிய மெழுகால் எழுதுவார்கள். படிகாரம் பட்ட இடத்தில் சாயவேர் சிவப்பேறும். இரும்புக் கரைசல் பட்ட இடம் கறுக்கும். மெழுகைக் கழற்றியதும், அடர்சிவப்புக்கு உள்ளிருந்து சரிகை மங்கலாக மின்னும். தங்கத்தை நெய்துவிட்டு அதன் பகட்டைச் சாயத்தால் அடக்குவது அபூர்வமான ரசனை. நெய்தவர் போட்ட பூவின் அளவு பிசகினால் எழுதுபவருக்கு வேலையே இல்லை. இரண்டு கைகளும் ஒரே கணக்கில் ஓடவேண்டும்.

இரண்டாம் சரபோஜி (1798–1832), அவர் மகன் சிவாஜி காலங்களில் இத்தொழில் செழித்தது. பரோடா, கோலாப்பூர், சதாரா அரண்மனைகளுக்கும் தஞ்சையிலிருந்து சேலைகள் வரிசையாகப் போயின. சிவாஜி 1855இல் ஆண் வாரிசின்றி இறக்க, அரசுரிமையைக் கிழக்கிந்தியக் கம்பெனி எடுத்துக்கொண்டது. வாங்க ஆளில்லாமல் தறிகள் படிப்படியாக ஓய்ந்தன.

குற்றாலத்துச் சித்திர சபையில் மூலிகை வண்ணத்தில் தீட்டிய ஓவியங்களைச் சுவர் தாங்கி நிற்கிறது. துணியில் எழுதியதற்கு அந்த வசதி இல்லை. உடுத்த உடுத்தத் தேயும். ஆகவே எஞ்சியவை சில சேலைகளே. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலும் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் அவற்றைக் காணலாம்.

இருபதாம் நூற்றாண்டில் கலாக்ஷேத்ரா இதை மீண்டும் நெய்து, எழுதிப் பார்த்தது. 2021இல் கருப்பூர்க் கலம்காரி ஓவியங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கோயில் விதானம், தொங்கவிடும் தொம்பை போன்றவற்றில் எழுதும் கலைக்கான குறியீடு அது. சரிகை நெசவு அதில் சேரவில்லை.