கதிரியக்கத் தொழில்நுட்பவியலாளர் பணியில் செயற்கை நுண்ணறிவுத் துணை

எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ. படங்களை எடுக்கும் கதிரியக்கத் தொழில்நுட்பவியலாளருக்கு, அதாவது வைத்தியசாலை வழக்கில் ரேடியோகிராபருக்கு, உதவும் கணினி மென்பொருள்கள் இங்கே செயற்கை நுண்ணறிவுத் துணை என்று குறிக்கப்படுகின்றன. படத்தைப் பார்த்து நோய் சொல்லும் மென்பொருள்களைப் பற்றித்தான் பெரிதும் பேசப்படுகிறது. அவை கதிரியக்க வைத்திய நிபுணரின் வேலையைச் சார்ந்தவை. ரேடியோகிராபரின் வேலை அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. நோயாளியைச் சரியாக நிறுத்துவது, கதிரின் அளவைத் தீர்மானிப்பது, மூச்சைப் பிடிக்கச் சொல்வது, எடுத்த படம் நிபுணருக்குப் போதுமா என்று பார்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. இலங்கை மலையகத்தின் அக்கரப்பத்தனை போன்ற தோட்டப் பகுதிகளுக்கு அதிகம் பயன்படக்கூடியது இந்த வேலைக்கான துணையே.

அக்கரப்பத்தனை நுவரெலியா மாவட்டத்தில் தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த சிறு நகரம். பெரிய பரிசோதனை என்றால் நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலைக்கோ, டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கோ போக வேண்டிவரும். டிக்கோயாவின் 150 கட்டில் கட்டடம் இந்திய உதவியுடன் எழுந்தது. 2017 மே 12 அன்று இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி அதைத் திறந்துவைத்தார். வைத்தியசாலைக்குப் போன நாளில் கொழுந்து பறிக்கும் தொழிலாளிக்குப் பேர், அதாவது அன்றைய நாட்கூலி, விழாது. படம் தெளிவில்லை என்று பின்னர் தெரிந்து மறுபடி அழைத்தால் இன்னொரு நாள் பேரும் போகும். ஆகவே நோயாளி அறையை விட்டு வெளியேறுமுன்பே படத்தின் குறையைச் சொல்லும் மென்பொருளுக்கு இங்கே நகரத்தைவிட மதிப்புக் கூடுதல்.

இத்தகைய மென்பொருள் மார்புப் படத்தில் பார்ப்பவை, அனுபவமுள்ள ரேடியோகிராபர் பார்ப்பவையே. இரு காறை எலும்புகளின் உள்முனைகளும் முதுகெலும்பின் நடுக்கோட்டிலிருந்து சம தூரத்தில் இல்லையென்றால் உடல் திரும்பியிருக்கிறது. உதரவிதானத்துக்கு மேலே தெரியும் விலா எலும்புகள் குறைவென்றால் மூச்சு முழுதாக இழுக்கப்படவில்லை. நுரையீரலின் உச்சியோ அடிக்கோணமோ வெட்டுப்பட்டிருக்கிறதா என்பதும் கவனிக்கப்படும். நடமாடும் எக்ஸ்ரே இயந்திரத்துக்குள்ளேயே இயங்கி, நுரையீரலைச் சுற்றிக் காற்றுக் கசிந்திருந்தால் உடனே எச்சரிக்கும் ஜி.ஈ. நிறுவன மென்பொருளுக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2019இல் அனுமதி அளித்தது. 2020இல், இதய அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுப்பவரின் கையிலுள்ள கருவியை எந்தப் பக்கம் நகர்த்த வேண்டும் என்று திரையில் வழிகாட்டும் மென்பொருளும் அங்கே அனுமதி பெற்றது. சி.டி.யில் படத்தின் இரைச்சலைக் குறைக்கும் மென்பொருள் குறைந்த கதிரிலேயே தெளிவைத் தருகிறது. நேர் மார்பு எக்ஸ்ரே ஒன்றின் கதிரளவு சுமார் 0.02 மில்லிசீவர்ட், மார்புச் சி.டி.யில் அது பல மில்லிசீவர்ட். கதிர்ச் சேமிப்பு உண்மையாகவே பொருள்படும் இடம் சி.டி.தான்.

நோய் காட்டும் மென்பொருள்களில் மலையகத்துக்கு மிக நெருக்கமானவை காசநோய்க்கானவை. தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்புகளான, காற்றோட்டம் குறைந்த லயன் அறைகளில் பலர் நெருங்கி வாழும்போது இந்நோய் எளிதில் பரவும். டிஜிட்டல் மார்புப் படங்களில் காசநோய் அறிகுறிகளைத் தேட, 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு, மனித வாசிப்பாளருக்குப் பதிலாகவும் கணினியைப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது. மும்பையில் 2016இல் தொடங்கிய கியூர் டாட் ஏஐ நிறுவனத்தின் கியூ.எக்ஸ்.ஆர். இவ்வகை மென்பொருள். அது தரும் மதிப்பெண் சந்தேகத்தை மட்டுமே காட்டும். சந்தேகத்துக்குரியவரின் சளியைப் பரிசோதித்தே நோய் உறுதிசெய்யப்படும்.

அந்த மதிப்பெண்ணின் நம்பகத்தன்மை பெருமளவு ரேடியோகிராபரின் கையில் இருக்கிறது. காசநோய் பெரும்பாலும் நுரையீரலின் மேல்பகுதியில் தங்கும். தோளில் விழுந்த தடித்த பின்னலின் நிழலும் அதே இடத்தில்தான் விழும். பின்னலை உச்சியில் முடியச் சொல்வது, தாயத்துக் கயிற்றையும் பொத்தான் வைத்த குளிர்ச்சட்டையையும் அகற்றச் சொல்வது, தாலியைக் கழற்றத் தயங்கும் பெண்ணிடம் அதைக் கழுத்துக்கு மேலே உயர்த்திப் பிடிக்கச் சொல்வது ஆகியவற்றை மென்பொருள் செய்யாது. விழுந்த நிழலையும் மதிப்பெண்ணில் சேர்த்துக்கொள்வதோடு சரி. 2018இல் பி.எல்.ஓ.எஸ். மெடிசின் இதழில் வெளியான அமெரிக்க ஆய்வு இதைவிடக் கவலைக்குரிய ஒன்றை வெளிப்படுத்தியது. நிமோனியாவைக் கண்டுபிடிக்கப் பழக்கிய மென்பொருள், படம் எந்த வைத்தியசாலையில் எடுக்கப்பட்டது என்பதை ஏறக்குறையப் பிழையின்றி அறிந்துகொண்டது. படத்தின் மூலையில் தொழில்நுட்பவியலாளர் வைக்கும் உலோக அடையாள வில்லையும் அதற்குத் துப்பாயிற்று. நோய் அதிகமுள்ள வைத்தியசாலையின் படம் என்றால் நோய் இருக்கும் என்று ஊகிக்க அதற்கு இதுவே போதும். பழகிய வைத்தியசாலைகளில் கிடைத்த திறன் வெளி வைத்தியசாலைப் படங்களில் குறைந்ததும் அந்த ஆய்வில் பதிவாயிற்று. வேறு நாட்டில் பழக்கிய மென்பொருளை மலையகத்தில் நிறுவுமுன் மலையகத்து மக்களின் படங்களிலேயே சோதித்துப் பார்க்க வேண்டியது இதனால்தான்.

உரையாடும் செயற்கை நுண்ணறிவு வேறொரு வகை. சிங்களம் மட்டும் பேசும் ஊழியரும் தமிழ் மட்டும் பேசும் நோயாளியும் சந்திக்கும் அறையில், பரிசோதனைக்கான ஆயத்தக் குறிப்புகளைத் தமிழில் எழுதித் தர அது உதவும். தமிழறிந்த ஊழியர் ஒருவர் அதைச் சரிபார்த்த பிறகே சுவரில் ஒட்டலாம். கர்ப்பமா என்ற கேள்வியை உறவினர் சூழ நிற்கும்போது கேட்காமல் தனியே அழைத்துக் கேட்பது மனிதர் செய்ய வேண்டியது. கதிரளவு, சாய மருந்தின் அளவு பற்றிய கேள்விகளுக்கு இத்தகைய கருவிகள் தவறான எண்ணையும் தயக்கமின்றிச் சொல்லக்கூடும் என்பதால், வைத்தியசாலை அங்கீகரித்த நெறிமுறையே அங்கு ஆதாரம்.

இலங்கையில் கதிர்வீச்சுப் பாதுகாப்பு 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தின் கீழ் வருகிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைத் தனிக் காப்புக்குரியதாக வகைப்படுத்துகிறது. எக்ஸ்ரே கோப்பில் படத்தோடு நோயாளியின் பெயர், பிறந்த திகதி, வைத்தியசாலை எண் ஆகியவையும் பதிந்திருக்கும். சந்தேகம் கேட்பதற்காக அக்கோப்பைத் தொலைபேசியிலுள்ள பொதுச் செயலி ஒன்றில் ஏற்றினால் அத்தனையும் வைத்தியசாலைக்கு வெளியே போய்விடும்.