லயத்து நாய்

போன வருசம் ஒரு காலையில் எங்கள் வீட்டு நாய் மணி ஒரு லோத்தோங் குட்டியைக் கவ்விக்கொண்டு வந்து கார் நிறுத்துமிடத்தில் போட்டது. லோத்தோங் குட்டிகள் பிறந்த கொஞ்ச காலத்துக்கு நல்ல மஞ்சளாக இருக்கும். சாம்பல் நிறத் தாயின் வயிற்றில் ஒட்டியிருந்தால் செவந்திப்பூ மாதிரி தெரியும். இது செத்திருந்தது. மணி வாலாட்டியது. அம்மா பழைய துணியைப் போட்டு மூடிவிட்டு, "அதுக்கு என்னய்யா தெரியும், வாயில்லா ஜீவன்" என்றார். எந்த வாயில்லா ஜீவனைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

எங்கள் தாமான் பீடோங் பக்கம் இருக்கிறது. முன்பு இது ரப்பர் தோட்டம். பாட்டி பால் வெட்டிய நிரை எங்கள் சமையலறை வழியாகத்தான் போயிருக்க வேண்டும். அன்று முழுக்க இதே யோசனை. தோட்டத்து வரலாறு என்று நாம் படித்ததில் கங்காணி இருக்கிறார், துரை இருக்கிறார், கள்ளுக்கடை இருக்கிறது. 1947-இல் பீடோங்கிலும் டப்ளின் தோட்டத்திலும் தொழிலாளிகள் போலீசோடு மோதியது இருக்கிறது. நாய் மட்டும் இல்லை. ஆனால் பாட்டியின் எந்தக் கதையிலும் நாய் இல்லாமல் இருந்ததில்லை.

1909-இல் பாங்காக் ஒப்பந்தம் கெடாவை சயாமிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாற்றியது. அடுத்த வருசமே உலகச் சந்தையில் ரப்பர் விலை உச்சிக்குப் போனது. ஜெராய் மலையடிவாரத்திலும் கூலிம் பக்கமும் காடு சரிந்து ரப்பர் எழுந்தது. காட்டின் ஓரத்தில் கொண்டுபோய் வைக்கப்பட்டவர்கள் நம் ஆட்கள். விடியுமுன் பெரட்டு, இருட்டு கலையாமலே நிரைக்குப் போக வேண்டும். பாம்பு, காட்டுப்பன்னி, சில இடங்களில் புலி. கையில் இருந்தது உளியும் ஒரு சின்ன விளக்கும். முன்னால் ஓடிய நாய்தான் பாதுகாப்பு. அதற்குச் சம்பளம் கிடையாது, மிச்சச் சோறுதான்.

துரை வீட்டு நாய் வேறு ஜாதி. "அதுக்கு இறைச்சி, நமக்குக் கருவாடு" என்பார் பாட்டி. சிரித்துக்கொண்டுதான் சொல்வார். வெள்ளைக்காரத் துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கச் சொல்லி 1941-இல் கிள்ளான் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அப்படிப்பட்ட இடத்தில் துரையின் நாய்க்கு எவ்வளவு மரியாதை இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

1948-இல் அவசரகாலம் வந்தது. சிதறிக் கிடந்த லயங்களை ஒன்றாக்கி முள்வேலி போட்டார்கள். அரிசி அளவாகத்தான் கிடைத்தது. அந்த இருட்டில் நாய் குரைத்தால் இரண்டு பயம்: காட்டுக்குள் இருப்பவர்கள் வந்திருக்கலாம், இல்லை பட்டாளம் வந்திருக்கலாம். "நாய் கொலைக்காத ராத்திரிதான் நல்ல ராத்திரி" என்று பாட்டி இன்றைக்கும் சொல்கிறார்.

பிறகு தோட்டங்கள் துண்டு போடப்பட்டன, ரப்பர் போய் செம்பனை வந்தது, கடைசியில் வீடமைப்பு. பாட்டி குடும்பம் லயத்தைக் காலி செய்து மலிவுவிலை அடுக்குமாடிக்குப் போனது. அங்கே நாய் கூடாது. லாரி கிளம்பியபோது கருப்பன் மெயின் ரோடு வரைக்கும் ஓடி வந்ததாம். இதற்கு மேல் பாட்டி சொல்ல மாட்டார். இப்படி விட்டுப்போன நாய்கள்தான் செம்பனைக்குள் கூட்டமாகி, பிற்பாடு "தெருநாய்த் தொல்லை" என்ற பெயரில் நகராட்சிப் புகாராகின. 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மூன்றிலும் வெறிநாய்க்கடி நோய் பரவியபோது அந்தப் புகார் மரண பயமாக மாறியது. பினாங்கில் தெருநாய்களைக் கொல்ல உத்தரவு வந்து பெரிய சர்ச்சை ஆனது.

லோத்தோங்குக்கும் இதே கதைதான். அது மரத்தில் வாழும் பிராணி, கிளைக்குக் கிளை தாவியே போய்விடும். ரப்பர் மரத்தின் இலையையும் காயையும் தின்னப் பழகி, தோட்டத்தோடும் அது ஒத்துப்போனது. மரம் நிரையாக நின்றவரை மேலே பாதை இருந்தது. தாமானுக்காக மரத்தை வெட்டியதும் பாதை அறுந்தது. இறங்கித்தான் கடக்க வேண்டும். கீழே கார், மின்கம்பி, மணி. ஆஸ்திரேலியப் புறநகர்களில் கோவாலாவுக்கும் இப்படித்தான். ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குப் போகத் தரையில் நடக்கும்போதுதான் வீட்டு நாயிடம் மாட்டுகிறது. குவீன்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ் மாநிலங்களில் 2022-இல் அதை அருகிவரும் இனமாக அறிவித்தார்கள். லோத்தோங்கும் உலகப் பட்டியலில் அருகிவரும் இனம்தான். ஆனால் அதற்காகக் கவலைப்படும் தாமான் கூட்டம் எதையும் நான் பார்த்ததில்லை. மாங்காயைத் தின்கிறது என்ற கோபம்தான் பார்த்திருக்கிறேன்.

2019-இல் பினாங்கு தெலுக் பஹாங்கில் சாலைக்கு மேலே ஒரு பாலம் கட்டினார்கள். பழைய தீயணைப்புக் குழாய்களை முறுக்கிச் செய்த பாலம். லங்கூர் புராஜெக்ட் பினாங்கு என்ற குழுவின் வேலை. நான் பொறியாளர்; கூலிம் தொழிற்பேட்டையில் எத்தனையோ கோடி ரிங்கிட் இயந்திரங்களைப் பார்த்தாயிற்று. அந்தக் குழாயைப் படத்தில் பார்த்தபோது வந்த வெட்கம் எந்த இயந்திரத்தைப் பார்த்தும் வந்ததில்லை. அறுந்த இடத்தை ஒட்டுவது அவ்வளவு எளிது. யாராவது அறுந்திருக்கிறது என்று பார்த்தால் போதும்.

மணியை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றார் அண்ணன். பாட்டி ஒத்துக்கொள்ளவில்லை. "ஒரு தடவை விட்டுட்டு வந்தாச்சு, போதும்" என்றார். அதனால் பின்பக்கம் வேலி போட்டேன். லோத்தோங் கூட்டம் வரும் காலையிலும் மாலையிலும் மணி வேலிக்குள் இருக்கும். மற்ற நேரத்தில் கயிற்றோடு நடை. முதல் வாரம் ஊளையிட்டது. பக்கத்து வீட்டு மாக்சிக் வந்து காது வலிக்கிறது என்றார்; குட்டிக் கதையைச் சொன்னதும் ஒன்றும் பேசாமல் போனார்.

கூட்டம் இப்போதும் வருகிறது, முன்னைவிடக் குறைவாக. குட்டி இழந்த தாய் அதில் எது என்று எனக்குத் தெரியாது. வேலிக்குள்ளிருந்து மணி குரைக்கிறது. நூறு வருசமாக நாம் சொல்லிக்கொடுத்த வேலையைத்தான் அது செய்கிறது.