ஆறு டிரான்ஸ்ஃபார்மர்களும் ஒரு மல்டிமீட்டரும்

செங்கல்பட்டில் நான் ரயிலுக்குப் போகிற வழியில் ஒரு காயலான் கடை இருக்கிறது. மாமல்லபுரத்தில் ஒரு வீட்டைக் காலி செய்தபோது வந்த சரக்கு என்று கடைக்காரர் ஒரு சாம்பல் நிறப் பெட்டியைக் காட்டினார். ஆறு மைக் செருகக்கூடிய பழைய மிக்சர். "தம்பி, இது நீவ். லண்டன் சரக்கு. எடைக்கெல்லாம் தர மாட்டேன்" என்றார். பெயர்த்தகடு இல்லை. உப்புக்காற்றில் செம்பெல்லாம் பச்சை, இரும்பெல்லாம் துரு. வாங்கிவிட்டேன். (வீட்டில் சொன்ன விலை வேறு.)

இங்கே வழக்கமாகக் கல்வெட்டு பற்றித்தான் எழுதுவேன். இதுவும் கிட்டத்தட்ட அந்த வேலைதான். சாளுவன்குப்பம் அதிரணசண்ட குகையில் ஒரு பக்கச் சுவரில் பல்லவ கிரந்தத்தில் உள்ள வாசகம் ஏறக்குறைய அப்படியே எதிர்ப்பக்கம் நாகரியிலும் இருக்கிறது. ஒன்றில் எழுத்து தேய்ந்தால் மற்றதைப் பார்க்கலாம். இந்தப் பெட்டியில் ஒரு எழுத்துகூட இல்லை. அதனால் உள்ளே இருந்த டிரான்ஸ்ஃபார்மர்களைத்தான் கேட்க வேண்டியிருந்தது.

மைக்கிலிருந்து வருவது மில்லிவோல்ட் கணக்கில் மிகச் சிறிய சிக்னல். நீளமான வயரில் வரும்போது இரைச்சலும் சேர்ந்துகொள்ளும். டிரான்ஸ்ஃபார்மர் இரண்டு வயரிலும் பொதுவாக வரும் இரைச்சலைத் தள்ளிவிட்டு, சிக்னலை மட்டும் மின்சாரச் செலவில்லாமல் பெரிதாக்கிக் கொடுக்கும். சென்னையின் முதல் பேசும்பட ஸ்டூடியோவான ஸ்ரீநிவாஸா சினிடோனை ஏ. நாராயணன் 1934ல் தொடங்கினார். அங்கே ஒலிப்பதிவைக் கவனித்தவர் அவர் மனைவி மீனாட்சி. இந்தியாவின் முதல் பெண் ஒலிப்பதிவாளர் என்று சொல்கிறார்கள். அந்தக் காலத்தில் மைக்குக்கு அடுத்து இருந்தது வால்வு. 1938 ஜூன் 16ல் சென்னை வானொலி நிலையம் தொடங்கியபோதும் அதே வால்வு யுகம்தான்.

இங்கேதான் துப்பு. வால்வுக்கு மின்னோட்டம் வேண்டாம், மின்னழுத்தம் போதும். ஆகவே சுற்று விகிதத்தை 1:10 அல்லது அதற்கும் மேலே வைப்பார்கள். மின்னழுத்தம் 10 மடங்கு ஏறினால் மின்மறுப்பு அதன் வர்க்கம், அதாவது 100 மடங்கு ஏறும். 200 ஓம் மைக் வால்வுக்கு 20,000 ஓமாகத் தெரியும். அன்றைய டிரான்சிஸ்டர்கள் பலவற்றுக்கு இது ஒத்துவராது. குறைந்த விகிதமே வசதி. 1970ல் வந்த நீவ் 1073ல் மைக் டிரான்ஸ்ஃபார்மரின் முதல் சுற்று இரண்டாகப் பிரிந்திருக்கும். இணைப்பை மாற்றி 300 அல்லது 1200 ஓம் ஆக்கிக்கொள்ளலாம்.

என் பெட்டியில் இருந்தவற்றில் முதல் சுற்றுக்கு இரண்டே வயர். அது நீவ் இல்லை என்பது அப்போதே தெரிந்துவிட்டது. மடிக்கணினியிலிருந்து 1 கிலோஹெர்ட்ஸில் 10 மில்லிவோல்ட் கொடுத்தேன், மறுபக்கம் 98 வந்தது. வால்வுக்குச் சுற்றியது. ஆனால் பக்கத்தில் இருந்த சர்க்யூட் போர்டு முழுக்க டிரான்சிஸ்டர்! விகிதத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லக் கூடாது, 1:10 போட்ட டிரான்சிஸ்டர் மிக்சர்களும் உண்டு. பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். தகட்டில் வரிசையாக வட்ட ஓட்டைகள், வால்வு சாக்கெட் அளவு. எல்லாவற்றையும் அலுமினியத் தகடு வைத்து ரிவெட் அடித்து மூடியிருந்தார்கள்.

யாரோ ஒரு மெக்கானிக் வால்வைக் கழற்றிவிட்டு டிரான்சிஸ்டர் போட்டிருக்கிறார், டிரான்ஸ்ஃபார்மரை மட்டும் விட்டுவைத்திருக்கிறார். இறக்குமதி லைசென்ஸ் காலத்தில் நல்ல டிரான்ஸ்ஃபார்மரை யார் தூக்கிப்போடுவார்கள்? லண்டன் சரக்கைவிட எனக்கு இது பெரிய புதையல்.

இனி நான் செய்த முட்டாள்தனம். 1 கிலோஹெர்ட்ஸ் சோதனைக்கு முன்னாலேயே, சுற்று அறுந்திருக்கிறதா என்று பார்க்க, சாதாரண மல்டிமீட்டரை ஓம் பக்கம் திருப்பி இரண்டு டிரான்ஸ்ஃபார்மர்களில் வைத்துவிட்டேன். மீட்டர் அனுப்புவது நேர்மின்சாரம். மைக் டிரான்ஸ்ஃபார்மரின் உள்ளே இருப்பது நிக்கல் அதிகமுள்ள உலோகம். கொஞ்சம் நேர்மின்சாரம் போனாலே காந்தம் ஏறிக்கொள்ளும். தாழ்ந்த ஸ்தாயியில் ஒலி திரியும். பெரிய அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் என்றால் இவ்வளவு கவலை இல்லை. நேர்மின்சாரம் ஓடும் இடத்துக்கென்றே சிலவற்றில் காற்று இடைவெளி விட்டுச் செய்வார்கள்.

காந்தத்தை இறக்க வழி உண்டு. 20 ஹெர்ட்ஸ் சிக்னலைப் பலமாகக் கொடுத்து, மெதுவாகப் பூஜ்யம் வரை குறைத்துக்கொண்டே வர வேண்டும். செய்தேன். ஒன்று சரியாகிவிட்டது, இரண்டாம் ஹார்மோனிக் மற்ற நாலின் அளவுக்கு இறங்கியது. இன்னொன்று நாலு முறை செய்தும் இறங்கவில்லை. என் மீட்டர் செய்த வேலையா, இருபது வருஷக் கடல்காற்று செய்த வேலையா? முதலில் சிக்னல் கொடுத்து அளந்து குறித்துவைத்திருந்தால் தெரிந்திருக்கும்.

கடைக்காரரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அதே லோடில் இன்னும் ரெண்டு பெட்டி இருந்ததாம். செம்பு விலை ஏறியிருந்த வாரம், உடைத்துச் சுற்றைப் பிரித்து எடைக்குப் போட்டுவிட்டாராம். "இரும்பு டப்பா மட்டும் கிடக்குது, வேணும்னா வந்து பாரு தம்பி" என்றார். சனிக்கிழமை போகிறேன். அந்தத் தகடுகளிலும் வட்ட ஓட்டைகள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.