வன்னிக் காட்டின் மரையும் மானும்

கிழக்கே நந்திக்கடலும், தெற்கே தண்ணிமுறிப்பை நோக்கிப் பரந்த பெருங்காடும் அணைத்து நிற்கும் இலங்கை வன்னி நாட்டு முள்ளியவளையின் சரித்திரத்தை எழுதப் புகுவோர், வன்னிமைகள் என்னும் சிற்றரசுகளின் வீரத்தையும் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலின் மகிமையையும் விரித்துரைப்பது வழக்கம். அவை உரைக்கத்தக்கனவே. ஆயினும் நெல்லோடும் பாலோடும் தேனோடும் சேர்ந்து அம்மக்களின் ஜீவனத்தைத் தாங்கிய வேட்டைக்கும் ஒரு சரித்திரம் உண்டு. காட்டு மிருகங்களை எவ்வாறு காப்பது என்று ஆலோசிக்கும் இக்காலத்தார் அதனை அவசியம் அறிதல் வேண்டும்.

வன்னிக் காட்டில் மான் இனத்துப் பெரியது மரை. நன்கு வளர்ந்த ஆண் மரை 150 கிலோவுக்கு மேல் நிறை கொண்டது. பகலில் அடர்ந்த பற்றைகளுக்குள் ஒதுங்கியிருந்து இரவில் மேய வருவது. புள்ளிமானோ கூட்டங்கூட்டமாகக் குளத்தின் அலைகரைப் புல்வெளிகளில் பகலிலும் திரிவது. பாலைப் பழமும் வீரைப் பழமும் உதிரும் காலத்தில் அம்மரங்களின் அடியிலும், காட்டு மோட்டைகள் வற்றிப்போகும் ஆடி ஆவணி மாதங்களில் எஞ்சிய நீர்நிலைகளின் ஓரத்திலும் இவை வந்து சேரும் என்பதை வேட்டைக்காரன் அறிவான். தன் உடல்வாடை மிருகத்துக்கு எட்டாதபடி, காற்று வீசும் திசையைக் கணித்து, எதிர்ப்புறத்து மரக்கிளையில் அசையாது அமர்ந்திருப்பதே அவன் கற்ற வித்தையின் பெரும்பகுதி. மரை ஏறக்குறைய எட்டு மாதம் சுமந்து ஒரேயொரு கன்றை ஈனுவது; ஆகையால் காடு தரக்கூடியதற்கு இயற்கையே ஓர் எல்லையை வகுத்திருந்தது.

அந்த எல்லையை மீறாதிருக்க ஊரின் வாழ்க்கைமுறையும் உதவிற்று. வேட்டையாடியவன் பெரும்பாலும் கமக்காரன். மாரி தொடங்கிக் காலபோக விதைப்பு வந்துவிட்டால் ஏரும் வரம்பும் இராக்காவலும் அவனை வயலோடு கட்டிப்போட்டன. முற்காலத்தில் வில்லும், பின்னாளில் வாய்வழியே மருந்தும் சன்னமும் இட்டு இடிக்கும் இடியன் துவக்குமே ஆயுதங்களாதலின், ஒரு வெடி தவறினால் மறுவெடிக்கு மிருகம் காத்து நிற்பதில்லை. காட்டினுள் புகுமுன் ஒரு குழையை முறித்து வழியோரத்து மரக்கிளையில் தொங்கவிட்டு, வனத்துக்கு அதிபதியாகிய ஐயனாரை வேண்டிச் செல்வது வன்னியின் பழைய சம்பிரதாயம். விழுந்த மரை ஒரு வீட்டாரின் ஆகாரத்துக்கு மிஞ்சியதாகையால் கூடச் சென்றவர்க்கும் சுற்றத்தார்க்கும் பங்காகும். எஞ்சிய இறைச்சி நீளக் கீற்றுகளாக அரியப்பட்டு, உப்பிட்டு, வெயிலிலும் புகையிலும் வற்றலாகி, சிலவேளை தேனில் இட்டுச் சேமிக்கப்படும். அக்காலத்தில் காடு தந்தது ஊருக்குள்ளேயே உண்ணப்பட்டது.

வன்னியர் ஆண்ட காலத்தில் வெளியார் இக்காட்டில் விரும்பிய செல்வம் யானையே. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் யானைகளையே திறையாகக் கேட்டனர். வன்னி அரசன் பண்டாரவன்னியன் 1803 இல் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றி, அவ்வாண்டிலேயே கற்சிலைமடுவில் தோற்கடிக்கப்பட்டபின், வன்னி நாடு ஆங்கிலேயர் வசமாயிற்று. அந்நூற்றாண்டில் இலங்கைக் காடுகளெங்கும் துவக்குகள் பெருகின. மான் தோலும் கொம்பும் உலர்ந்த இறைச்சியும் சந்தைப் பண்டங்களாயின. உண்பதற்குக் கொல்பவனுக்கு வயிறு எல்லை. விற்பதற்குக் கொல்பவனுக்கு எல்லையே இல்லை. இந்த அழிவைக் கண்டே 1872 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் பிறந்தது. பின்வந்த சட்டங்கள் அனுமதிப்பத்திரத்தையும் வேட்டை விலக்குப் பருவத்தையும் விதித்தன. 1894 இல் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் அமைந்தது. 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க வன சீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ், அடுத்த ஆண்டில், வடக்கே சுண்டிக்குளம் சரணாலயமாயிற்று. 1949 இல் வன சீவராசிகள் திணைக்களம் தோன்றிற்று. இன்று மானையும் மரையையும் கொல்லுதல் குற்றமாகும்.

இச்சட்டங்கள் இன்றேல் மரையினம் இன்னும் அருகியிருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஆதியில் அவற்றை வகுத்தவர்களுள் பலர் விநோதத்துக்காக வேட்டையாடிய கனவான்களாதலின், காட்டோடு வாழ்ந்த கிராமத்தவன் அவற்றில் குற்றவாளியாகவே கருதப்பட்டான், காவலனாக எண்ணப்படவில்லை. சுவீடன் தேசத்தின் அனுபவம் இங்கே சிந்திக்கத்தக்கது. அங்கே 1789 இல் நிலமுடைய குடியானவர்க்கு வேட்டையுரிமை விரிவாக்கப்பட்டபின், மூஸ் என்னும் பெரிய மான் இனம் அழியும் நிலையை எய்திற்று. இன்றோ அந்நாட்டில், வேட்டைக்காரர் தாம் கண்ட மிருகங்களின் தொகையைப் பருவந்தோறும் பதிந்து கொடுக்க, நில உரிமையாளரும் மாவட்ட நிர்வாகமும் கூடி எத்தனை கொல்லலாம் என்று முடிவு செய்கின்றனர். பல்லாயிரம் மூஸ்கள் ஆண்டுதோறும் கொல்லப்பட்டும் இனம் நிலைத்திருக்கின்றது.

நம் காட்டில் மீண்டும் மான் வேட்டையை அனுமதிக்க வேண்டுமென்பது என் கருத்தன்று. போரினால் வேருடன் பெயர்க்கப்பட்டு, 2009 இன் பின் திரும்பிவந்த மக்களின் ஊர் முள்ளியவளை. கம்பிக் கண்ணியும், கால் இடறினால் மனிதனையும் சுடும் கட்டுத்துவக்கும், நகரத்துக்கு இரகசியமாகச் செல்லும் இறைச்சி வியாபாரமும் இன்று காட்டைக் குலைக்கின்றன. தண்ணிமுறிப்பைக் களமாகக் கொண்டு 1973 இல் வெளிவந்த 'நிலக்கிளி' நாவலின் கதிராமனைப் போன்று காட்டை உள்ளும் புறமும் அறிந்தவர்கள் இப்பிரதேசத்தில் இன்னும் உளர். எந்த மோட்டையில் தண்ணீர் நிற்கிறது, எந்தத் தடத்தில் மரை நடக்கிறது, இவ்வாண்டு எத்தனை கன்று கண்ணில் பட்டது என்பவற்றை அவர்களிடம் கேட்டறிந்து, அவர்களைக் கணக்கெடுப்பிலும் காவலிலும் சம்பளத்தோடு பங்காளராக்குவதே திணைக்களத்தின் தலையாய கடமை. சட்டம் கொலையைத் தண்டிக்க வல்லது; மிருகங்களின் பெருக்கத்தைப் பேண, அவற்றின் வழியை அறிந்த மனிதரும் வேண்டும்.