அமெரிக்காவில் முதல் வருமான வரிக் கணக்கு: இந்தியர்கள் கவனிக்க வேண்டியவை

அமெரிக்காவுக்குப் படிக்கவோ பணியாற்றவோ செல்லும் இந்தியர்கள், முதல் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யுமுன் வரிச் சட்டப்படி தாங்கள் 'குடியிருப்போரா' என்பதை அறிய வேண்டும். விசாவைவிட, தங்கிய நாள்களே இதில் முக்கியம்.

நடப்பாண்டில் குறைந்தது 31 நாள்கள் தங்கியிருக்க வேண்டும். அத்துடன், நடப்பாண்டின் நாள்கள் முழுமையாகவும், முந்தைய ஆண்டின் நாள்களில் மூன்றில் ஒரு பங்கும், அதற்கு முந்தைய ஆண்டில் ஆறில் ஒரு பங்கும் சேர்ந்து 183-ஐ எட்டினால், அவர் குடியிருப்பவர்.

எஃப்-1 விசா மாணவர்களுக்குப் பொதுவாக முதல் 5 காலண்டர் ஆண்டுகள் இக்கணக்கில் சேராது. எனவே அவர்களுக்குரியது 1040-என்ஆர் படிவம். வருமானமே இல்லாவிடினும் 8843 படிவம் அளிக்க வேண்டும். பரவலாகப் பயன்படும் மென்பொருள்கள் சில, குடியிருப்போருக்கான 1040 படிவத்தையே தயாரிப்பதால் மாணவர்கள் தவறிவிடுவதுண்டு. இருநாட்டு வரி ஒப்பந்தத்தின் 21-ஆவது பிரிவு, இந்திய மாணவர்களுக்கு நிலையான கழிவை அனுமதிக்கிறது. பிற நாட்டு மாணவர்கள் பெரும்பாலோருக்கு இச்சலுகை இல்லை.

குடியிருப்பவராகிவிட்டால், உலகெங்கும் ஈட்டும் வருமானம் வரிக்கு உட்படும். இந்தியாவில் வரிவிலக்குப் பெற்ற என்ஆர்இ வைப்பு வட்டியும் அதில் அடங்கும். பலர் கோட்டைவிடுவது இங்குதான். இந்தியாவில் செலுத்திய வரிக்கு 1116 படிவம் மூலம் வரவு கோரலாம். ஆனால் இந்திய நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குவதால், வட்டியை ஜனவரி-டிசம்பர் காலத்துக்கெனப் பிரித்துக் கணக்கிட வேண்டும்.

வெளிநாட்டு வங்கிக் கணக்குகளின் கூட்டு இருப்பு ஆண்டின் எந்த நேரத்திலாவது 10,000 டாலரைத் தாண்டினால், 'எஃப்பார்' அறிக்கையைத் தனியே இணையவழி அளிப்பது கட்டாயம்.

ஊதியம் பெறுவோர் கணக்குத் தாக்கல் செய்யக் கடைசி நாள் பொதுவாக ஏப்ரல் 15. அவகாசம் கோரினால் அக்டோபர் 15 வரை தாக்கல் செய்யலாம். வரியை மட்டும் ஏப்ரலிலேயே செலுத்திவிட வேண்டும்.