திமிஷ்கில் ஒரு வெள்ளிக்கிழமை: இப்னு பதூதாவின் கொள்ளைநோய்ச் சித்திரம்

கொள்ளைநோய் பீடித்த நகரங்களைப் பற்றி எழுந்த பழைய எழுத்துகளுள், இப்னு பதூதா திமிஷ்க் நகரைக் குறித்துச் சொல்லியுள்ள பகுதி தனித்த இடம் பெற்றதாகும். அளவில் அது மிகச் சிறியது. அமைந்திருக்கும் இடமோ எதிர்பாராதது. ஹிஜ்ரி 726இல் (கி.பி. 1326) முதன்முறையாக அந்நகருக்கு வந்ததை விவரிக்கையில், தெற்கே ஹிஜாஸ் செல்லும் பாதையிலுள்ள மஸ்ஜிதுல் அக்தாம் பள்ளிவாசலைப் பற்றிச் சொல்ல வந்தவர், 22 ஆண்டுகளுக்குப் பின் அங்கே தாம் கண்ட காட்சியொன்றை இடையில் செருகுகிறார்.

ஹிஜ்ரி 749 ரபீஉல் ஆகிர் மாதத்தின் இறுதி, அதாவது கி.பி. 1348 ஜூலை. நகரின் ஆளுநர் அர்கூன் ஷாஹ், மக்கள் மூன்று நாட்கள் நோன்பு நோற்க வேண்டும் என்று தண்டோரா போடச் செய்தார். மூன்றாம் நாளான வியாழன் மாலை அமீர்களும் ஸையிதுகளும் காழிகளும் சட்ட அறிஞர்களும் பொதுமக்களும் உமையாப் பெரும்பள்ளியில் இடமின்றி நிறைந்தனர். வெள்ளி இரவு முழுவதும் தொழுகையிலும் திக்ரிலும் துஆவிலும் கழிந்தது. சுபுஹுத் தொழுகைக்குப் பின் அனைவரும் குர்ஆனைக் கையிலேந்திக் கால்நடையாகப் புறப்பட்டனர். அமீர்கள் வெறுங்காலுடன் நடந்தனர். யூதர்கள் தவ்ராத்துடனும் கிறித்தவர்கள் இன்ஜீலுடனும் தத்தம் பெண்டு பிள்ளைகளோடு உடன்வந்தனர். மஸ்ஜிதுல் அக்தாமில் நண்பகல் நெருங்கும் வரை அழுது மன்றாடிவிட்டு, நகருக்குத் திரும்பி ஜும்ஆ தொழுதனர்.

இச்சித்திரத்தில் நம்மைப் பெரிதும் ஈர்ப்பது ஆளுநரின் ஆணையில் அடங்கிய ஒரு சிறு விதியே. பகற்பொழுதில் கடைத்தெருவில் எவரும் உணவு சமைக்கலாகாது என்று அவர் கட்டளையிட்டாராம். அந்நகர மக்களுள் பெரும்பாலோர் கடைத்தெருவில் சமைத்த உணவையே உண்பவர்கள் என்று இப்னு பதூதா காரணமும் சொல்கிறார். ஒரு மாநகரம் எவ்வாறு உண்டது, அதனை நோன்பு நோற்கச் செய்ய எங்கே அடுப்பை அணைக்க வேண்டியிருந்தது என்பதை இந்த ஒரு வாக்கியத்திலிருந்து நாம் அறிகிறோம். அரச வரலாறுகளில் இத்தகைய செய்திகளைத் தேடிக் காண்பது அரிது.

இதனை நம்பலாமா என்னும் வினா நியாயமானதே. ரிஹ்லாவின் திமிஷ்க் வருணனையில் பெரும்பகுதி, 1184இல் அந்நகரைக் கண்ட இப்னு ஜுபைரின் நூலிலிருந்து எடுத்தாளப்பட்டது என்பதை ஆய்வாளர்கள் நெடுங்காலத்திற்கு முன்பே நிறுவியுள்ளனர். ஆனால் கொள்ளைநோய்ப் பகுதி அவ்வாறு எடுத்ததாக இருக்க இயலாது. இப்னு ஜுபைர் மறைந்து நூறாண்டுகளுக்குப் பின் நிகழ்ந்தது அது. மேலும் நமக்கு வேறொரு சாட்சி இருக்கிறது. அந்நாளில் திமிஷ்கிலேயே வாழ்ந்த இமாம் இப்னு கஸீர் (ரஹ்) தம் ‘அல்பிதாயா வந்நிஹாயா’வில் இதே நிகழ்ச்சியைப் பதிவு செய்துள்ளார். நாள் ரபீஉல் ஆகிர் 27, வெள்ளிக்கிழமை. யூதர், கிறித்தவர் ஆகியோருடன் ஸாமிரிய்யாக்களும் வந்தனர் என்று அவர் கூடுதலாகக் குறிக்கிறார். அதே மாதத்தில் சந்தூக்குகளுக்கும் மய்யித்தைக் குளிப்பாட்டுவோருக்கும் சுமப்போருக்கும் விதிக்கப்பட்டிருந்த வரி நீக்கப்பட்டதையும், நகரின் பல பகுதிகளில் சந்தூக்குகள் வக்ஃபாக வைக்கப்பட்டதையும் அவரே தெரிவிக்கிறார். வழிப்போக்கர் ஊர்வலத்தைக் கண்டார். ஊரில் வாழ்ந்தவர் சந்தூக்கின் விலையையும் கண்டார்.

எண்களுக்கு வரும்போதுதான் ரிஹ்லா தடுமாறுகிறது. மேற்கண்ட பகுதியில் திமிஷ்கில் ஒரு நாள் இறப்பு 2,000 வரை எட்டியது என்றும், கெய்ரோவிலும் பழைய மிஸ்ரிலும் 24,000 ஆனது என்றும் வருகிறது. அதே நூலின் பிற்பகுதியில், 1348ஆம் ஆண்டுப் பயணத்தை முறையாகச் சொல்லும்போது, திமிஷ்கின் எண் 2,400. கெய்ரோவின் எண் 21,000! இந்நூல் 1355இல், அதாவது ஏழாண்டுகள் கழிந்தபின், ஃபாஸ் நகரில் இப்னு ஜுஸைய் என்னும் எழுத்தரிடம் நினைவிலிருந்து சொல்லப்பட்டது என்பதை இங்கே மறக்கலாகாது. அன்றைய கெய்ரோவின் மக்கள்தொகை ஐந்து லட்சத்திற்கு மேற்படாது என்பதே வரலாற்றறிஞர்களின் பொதுக் கருத்து. நாளொன்றுக்கு 24,000 பேர் மடிந்திருப்பின் மூன்று வாரங்களில் ஊரே வெறுமையாகியிருக்கும். ஆக இவை கணக்குகள் அல்ல. ஒரு பேரச்சத்தின் அளவுகோல்கள். காஸாவின் காழி அவரிடம் சொன்ன செய்தியோ வேறு வகையானது: தம் நீதிமன்றத்தைச் சார்ந்த 80 சாட்சியாளர்களுள் நான்கில் ஒரு பங்கினரே எஞ்சினர் என்றார் அவர். தெரிந்த முகங்களை எண்ணிச் சொன்ன இச்சிறிய எண்ணே நமக்கு நம்பகமாகத் தோன்றுகிறது.

இதனினும் கனமான சிக்கல் ஒன்று உண்டு. அந்த வெள்ளிக்கிழமைக்குப் பின் அல்லாஹ் துயரத்தை இலேசாக்கினான் என்கிறார் இப்னு பதூதா. திமிஷ்கைச் சேர்ந்த ஹன்பலி அறிஞர் மன்பிஜியோ, ஹிஜ்ரி 764இல் அங்கு மீண்டும் நோய் பரவியபோது எழுதுகையில், 749இல் மக்கள் வெளியே திரண்டு துஆச் செய்த பின்னரே நோய் பெருகியது, அதற்கு முன் குறைவாகவே இருந்தது என்று அடித்துச் சொல்கிறார். இருவருள் எவர் சொல்வதை ஏற்பது?

இப்னு பதூதாவே இதற்கு விடை காணும் வழியைத் தந்துவிடுகிறார். அவர் ஹிம்ஸிலிருந்து திமிஷ்கை அடைந்தது வியாழக்கிழமை. மக்கள் அப்போது மூன்று நோன்புகளையும் நோற்றிருந்தனர். ஆகவே தண்டோராவையும் கடைத்தெரு ஆணையையும் பிறர் சொல்லக் கேட்டே அறிந்திருப்பார். அவர் கண்ணால் கண்டது ஓர் இரவும் ஒரு பகலுமே எனலாம். பின்னர் அஜ்லூன் வழியாக பைத்துல் முகத்தஸுக்குச் சென்றுவிட்டார். அங்கே நோய் தணிந்திருந்தது. திமிஷ்கில் தங்கிவிட்ட இப்னு கஸீரோ அதன் பின்னும் மாதக்கணக்கில் ஜனாஸாக்களைப் பதிவு செய்துகொண்டே போகிறார். நோய் தணிந்தது என்பது பயணியின் நன்னம்பிக்கை. அவர் இருந்து பார்த்த செய்தியன்று.

ஹதீஸ்கலை மேதை இப்னு ஹஜர் அல்அஸ்கலானி (ரஹ்) தம் ‘பத்லுல் மாஊன்’ நூலில் மன்பிஜியின் கூற்றை எடுத்தாண்டு, தம் கண்முன் நிகழ்ந்ததையும் சேர்க்கிறார். ஹிஜ்ரி 833இல் (கி.பி. 1430) கெய்ரோவில் நாளொன்றுக்கு 40 பேருக்கும் குறைவாக இறந்துகொண்டிருந்தபோது, மூன்று நாள் நோன்புக்குப் பின் மக்கள் பாலைவெளியில் கூடினர், அம்மாதம் முடிவதற்குள் இறப்பு ஆயிரத்தைத் தாண்டியது. துஆவை அவர் மறுக்கவில்லை. மழைத் தொழுகைக்குத் திரள்வதுபோல் கொள்ளைநோய்க்குத் திரள்வதற்கு முன்னோரிடம் சான்றில்லை என்பதே அவர் வாதம். நூலகத்திலிருந்து மட்டும் பேசியவரல்லர் அவர். தம் புதல்வியர் இருவரை 819இலும் மற்றொரு மகளை அதே 833இலும் கொள்ளைநோய்க்குப் பறிகொடுத்த தந்தை.

கூடியதால் குறைந்தது என்பதற்கோ, கூடியதால் பெருகியது என்பதற்கோ இச்சான்றுகள் போதா என்பது நம் கருத்து. இந்நோயின் கிருமி 1894இல் ஹாங்காங்கில் கண்டறியப்பட்டது. எலித்தெள்ளு வழியே பரவும் இந்நோய், கூட்டம் கூடினாலும் கூடாவிட்டாலும் தன் பருவத்தில் உச்சத்தை எட்டியிருக்கக்கூடும். எனினும் முன்னும் பின்னும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்னும் உணர்வு அவ்வறிஞர்களிடம் இருந்தது குறிக்கத்தக்கது. அதே வேளையில், மூன்று வேதத்தாரும் ஒரே சாலையில் நடந்தனர் என்பதை எந்த வாதமும் அழித்துவிடவில்லை.

இப்னு பதூதாவுக்குக் கொள்ளைநோய் புதிதன்று. சில ஆண்டுகளுக்கு முன் நம் மதுரையில், சுல்தான் கியாஸுத்தீன் தாம்கானியின் ஆட்சியில், நோயுற்றோர் மறுநாளோ மூன்றாம் நாளோ மடிவதைக் கண்டவர் அவர். வாங்கிய அடிமைப்பெண் அடுத்த நாளே இறந்ததை அங்கே குறித்துள்ளார். அது இதே நோய்தானா என்பதில் கருத்தொற்றுமை இல்லை.

1348இல் திமிஷ்கை அடைந்தபோது, அங்கே தமக்குப் பிறந்திருந்த மகன் 12 ஆண்டுகளுக்கு முன்பே இறந்ததையும், தந்தை மறைந்து 15 ஆண்டுகள் ஆனதையும், தாய் மட்டும் உயிருடன் இருப்பதையும் கேட்டறிந்தார். மறு ஆண்டு மொரோக்கோவின் தாஸா நகரை எட்டியபோது, தாயும் கொள்ளைநோயில் இறந்துவிட்ட செய்தி வந்தது. ஃபாஸில் சுல்தானைக் கண்டபின் தன்ஜாவுக்குச் சென்று அவருடைய கப்ரை ஸியாரத் செய்தார். நூலில் அது சில சொற்களில் முடிந்துவிடுகிறது.